அழைப்பா, திறந்த கதவா? காரைக்குடிக் கணக்கேட்டுப் பட்டறை குறித்து

வாசகர் கேள்வி, 9 நவம்பர் 2024

பொங்கலை அடுத்துக் காரைக்குடியில் நடக்கவிருக்கும் பழைய கணக்கேடுகளை எண்மமாக்கும் பட்டறைக்கு "அழைப்பின் பேரில் மட்டும்" என்று அறிவித்திருக்கிறீர்கள். கட்டற்ற மென்பொருளின் பெருமையை ஊரெல்லாம் சொல்லிவரும் ஒரு குழு தன் பட்டறையின் கதவை மட்டும் சாத்திவைப்பது எப்படிச் சரியாகும்? அழைப்புப் பட்டியலைப் போடுவது யார்? அதில் இடம்பெற விரும்புகிறவர் என்ன செய்ய வேண்டும்? நான் தேவகோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் கணினி பயிற்றுவிக்கிறேன். இதுவரை எனக்கு ஓர் அழைப்பும் வந்ததில்லை.

9 நவம்பர், இரவு

பட்டியலைப் போடுவது யார் என்பதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நான் உட்பட ஐந்து பேர் போடுகிறோம். எந்த விதியின்படி போடுகிறோம் என்று வெளியில் தெரியாத பட்டியலை எவரும் நம்ப வேண்டியதில்லை. ஆகவே விதியை எழுதி வெளியிடுவது எங்கள் கடமை. அதை எழுதுவதற்கு முன் யோசிக்க வேண்டியவற்றை இங்கேயே வரிசையாக எழுதிவருகிறேன்.

கதவு சாத்தப்பட்டிருப்பதற்குக் காரணம் ஏடுகளே. அவை ஒரு பழைய வீட்டின் இரண்டாம் கட்டில் மரப்பெட்டிகளுக்குள் இருந்தவை. பர்மாவிலும் மலாயாவிலும் நடந்த கடைகளின் பேரேடுகள், குறிப்பேடுகள், ஐந்தொகைகள், அவற்றோடு உள்ளூர்க் கொடுக்கல் வாங்கல் கணக்குகள். தாள்கள் ஓரம் உதிர்கின்றன. ஒரு பக்கத்தைப் புரட்டுவதற்கே இரண்டு கைகளும் பொறுமையும் தேவை. வீடோ ஒருவருக்குச் சொந்தமானதன்று. பங்காளிகள் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் கோலாலம்பூரிலும் இருக்கிறார்கள். அவர்கள் அனைவரும் சம்மதித்த பிறகுதான் பெட்டியே திறக்கப்பட்டது. சம்மதம் தந்தபோது அவர்கள் கேட்டது ஒன்றே: "யார் யார் பார்ப்பார்கள்?" அந்தக் கேள்விக்கு "யார் வேண்டுமானாலும்" என்று பதில் சொல்லியிருந்தால் பெட்டி மறுபடியும் பூட்டப்பட்டிருக்கும்.

அவர்களுடைய தயக்கத்தைக் குறுகிய மனம் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தாரின் கணக்குகளில் ஆளின் பெயர் இல்லாவிட்டாலும் விலாசம் இருக்கும். முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்து அமைந்த அந்த விலாசத்தைப் பார்த்தவுடனே எந்த ஊர், எந்த வீடு, இன்று அந்த வீட்டுப் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று சொல்லக்கூடியவர்கள் செட்டிநாட்டில் இன்றும் இருக்கிறார்கள். நொடித்துப்போன கடை எது, யாருக்கு யார் பாக்கி என்பதெல்லாம் அந்த ஏட்டில் திறந்தே கிடக்கிறது.

10 நவம்பர்

நேற்று எழுதியது ஏடுகளின் பக்கத்து நியாயம். எல்லோருக்கும் திறந்த பட்டறை எப்படி நடந்தது என்ற அனுபவத்தையும் எழுத வேண்டும். ஏனென்றால் இந்த வட்டாரத்தில் நான் முதலில் நடத்தியவை அனைத்தும் திறந்த பட்டறைகளே.

அவற்றுள் ஒன்றை ஒரு கல்லூரி அரங்கில் நடத்தினோம். "அனைவரும் வருக" என்று அறிவித்தோம். கட்டணம் இல்லை, பதிவும் இல்லை. அரங்கு நிறைந்தது. நிறைத்தவர்கள் வகுப்பு நேரத்தில் வருகைப் பதிவுக்காக அழைத்துவரப்பட்ட இரண்டு வகுப்பு மாணவர்கள். அவர்களிடத்தில் குற்றம் ஏதுமில்லை. வரச் சொன்னார்கள், வந்தார்கள். ஆனால் நாங்கள் உண்மையில் எதிர்பார்த்திருந்தவர்கள், அதாவது பழைய கணக்கு எழுத்தைப் படிக்கத் தெரிந்த முதியவர்கள், மூன்று பேர்தான் வந்தார்கள். கடைசி வரிசையில் அமர்ந்து, ஒலிபெருக்கியில் என்ன சொல்கிறார்கள் என்று புரியாமல், சாப்பாட்டுக்கு முன்பே புறப்பட்டுவிட்டார்கள். புறப்படும்போது ஒருவர் என்னிடம் மரியாதையாகச் சொன்னார்: "தம்பி, எங்களுக்கு இங்கே வேலை இருக்கிற மாதிரித் தெரியவில்லை." திறந்த கதவு அவரை உள்ளே வரச் செய்தது, அவருக்கென்று ஓர் இருக்கையை அதனால் தர முடியவில்லை.

10 நவம்பர், மாலை

மறுபக்கமும் உண்டு. பிறகு நடந்த ஒரு கூட்டத்துக்கு, தெரிந்தவர்களை மட்டும் தொலைபேசியில் அழைத்தோம். வேலை வேகமாக நடந்தது. அது மறுக்க முடியாத உண்மை. ஆனால் மேசையைச் சுற்றி அமர்ந்திருந்தவர்களைப் பார்த்தபோது அனைவரும் ஆண்கள், அனைவரும் ஒருவரையொருவர் முன்பே அறிந்தவர்கள், பெரும்பாலோர் காரைக்குடி நகருக்குள்ளேயே இருப்பவர்கள். புதுவயல், கோனாப்பட்டு, ராயவரம் என்று எந்தச் சிற்றூரிலிருந்தும் ஒருவரும் இல்லை. தெரிந்தவர் தெரிந்தவரைச் சொல்வார். அவர் இன்னொரு தெரிந்தவரைச் சொல்வார். யாரும் யாரையும் விலக்க நினைக்காமலே விலக்கு நடந்துவிடுகிறது.

14 நவம்பர்

உலக அளவில் தொழில்நுட்பச் சமூகங்கள் இதை எப்படிச் சமாளித்தன என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எனக்குத் தெரிந்தவற்றுள் நமக்குப் பயன்படுவனவற்றை மட்டும் எழுதுகிறேன்.

இணைய நெறிமுறைகளை வகுக்கும் ஐ.இ.டி.எஃப். அமைப்பு 1986 ஜனவரியில் முதன்முறை கூடியபோது வந்தவர்கள் 21 பேர். அனைவரும் அமெரிக்க அரசின் நிதியில் இயங்கிய ஆய்வாளர்கள். அதே ஆண்டு அக்டோபரில் நடந்த நான்காவது கூட்டத்துக்கு அரசு சாராதவர்களையும் அழைத்தார்கள். அதன்பின் எல்லாக் கூட்டங்களும் திறந்தவையே. அங்கே உறுப்பினர் என்ற தகுதியே இல்லை. ஆனால் அந்த அமைப்புக்குள்ளும் சாத்திய அறைகள் இருக்கின்றன. 1998-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 2418 என்ற விதி ஆவணம், ஒரு பணிக்குழுவுக்குள் சிலர் மட்டும் கூடி ஒரு சிக்கலைத் தீர்க்கும் வடிவமைப்புக் குழுக்களை அனுமதிக்கிறது. அவர்கள் தாங்களாகவே சேரலாம், பிறரைச் சேர்க்காமலும் இருக்கலாம். ஒரே நிபந்தனை, அவர்கள் கொண்டுவருவதைப் பணிக்குழு முழுவதும் பார்த்து ஏற்கலாம், மாற்றலாம், தள்ளலாம். நேரில் கூடி எடுத்த முடிவையும் மின்னஞ்சல் பட்டியலில் வைத்து உறுதி செய்ய வேண்டும் என்பதும் அதே ஆவணத்தில் இருக்கிறது. வர முடியாதவருக்கும் குரல் இருக்கிறது என்பதே அதன் பொருள். இதே சமூகத்தைச் சேர்ந்த இணையக் கட்டமைப்பு வாரியம் நடத்தும் பட்டறைகள் அழைப்பின் பேரிலானவை. கலந்துகொள்ள விரும்புகிறவர் தம் கருத்தை ஒரு சிறு கட்டுரையாக அனுப்ப வேண்டும். அதைப் பார்த்து அழைக்கிறார்கள். முடிந்த பின் அறிக்கை எல்லோருக்கும் வெளியாகிறது.

ஜெர்மனியின் டாக்ஸ்டூல் மாளிகையில் 1990 முதல் கணினி அறிவியல் கருத்தரங்குகள் நடக்கின்றன. அழைப்பில்லாமல் அவற்றில் கலந்துகொள்ள முடியாது. ஆனால் எந்தப் பொருளில் கருத்தரங்கு நடத்தலாம் என்று ஆய்வாளர்கள் முன்மொழியலாம். நடந்தவற்றின் அறிக்கையை யாரும் படிக்கலாம்.

சண்டையாகவே மூண்ட உதாரணமும் உண்டு. தொழில்நுட்ப நூல்களை வெளியிடும் ஓரைலி என்ற அமெரிக்கப் பதிப்பகம் 2003 முதல் அழைப்பின் பேரில் ஃபூ கேம்ப் என்ற கூட்டத்தை நடத்தியது. அழைக்கப்படாதவர்கள் 2005 ஆகஸ்டில் பாலோ ஆல்டோவில் யாரும் வரலாம் என்று பார்கேம்ப் நடத்தினார்கள். ஏறத்தாழ ஒரே வாரத்தில் ஏற்பாடு செய்தார்கள். அடுத்த ஆண்டே சென்னையிலும் பார்கேம்ப் நடந்தது. வந்தவர் எவரும் வெறும் பார்வையாளராக இருக்கக்கூடாது, ஏதாவது ஒன்றைப் பகிர வேண்டும் என்பது அதன் வழக்கம். யாரும் வரலாம், ஆனால் வருகிறவர் கை நீட்டி வேலை செய்ய வேண்டும். எங்கள் கல்லூரி அரங்கில் இல்லாமற்போனது இதுதான் என்று நினைக்கிறேன்.

15 நவம்பர்

நேற்றைய குறிப்பில், கணினியில் எல்லா மொழிகளின் எழுத்துகளுக்கும் குறியெண் தரும் யூனிகோடு தரநிலையை விட்டுவிட்டேன். நம் வேலைக்கு மிக அருகில் இருப்பது அதுவே. யூனிகோடில் வாக்குரிமை, கட்டணம் செலுத்தும் சில வகை உறுப்பினர்களுக்குத்தான் உண்டு. ஆனால் ஓர் எழுத்தைச் சேர்க்க வேண்டுமென்ற முன்மொழிவைத் தனிமனிதர் எவரும் அனுப்பலாம், முன்மொழிவுகள் பொதுவில் கிடைக்கின்றன, எவரும் கருத்துரைக்கலாம்.

பற்று, வரவு, மேற்படி, ரூபாய் முதலான கணக்குக் குறியீடுகள் 2003-இல் வந்த நான்காம் பதிப்பிலேயே இடம்பெற்றுவிட்டன. முந்திரி, காணி, மா, வீசம் முதலான பின்னக் குறியீடுகள் 2019 மார்ச்சில் வந்த பன்னிரண்டாம் பதிப்பில்தான் வந்தன. தமிழுக்கான கூடுதல் தொகுதியாக மொத்தம் 51 குறியீடுகள். முந்திரி என்றால் 320-இல் ஒரு பங்கு, காணி 80-இல் ஒரு பங்கு, மா 20-இல் ஒரு பங்கு, வீசம் 16-இல் ஒரு பங்கு. இவற்றைக் கையால் எழுதிப் பழகிய தலைமுறை மறைந்துகொண்டிருக்கும் வேளையில் கணினிக்குள் இவை வந்து சேர்ந்திருக்கின்றன.

முடிவெடுப்போர் வட்டம் சிறியதாக இருந்தும் ஒரு கோரிக்கை உள்ளே போக முடிந்ததற்குக் காரணம், கோரிக்கை வைக்கும் வழி எல்லோருக்கும் தெரிந்ததாக இருந்ததே. இந்தப் பட்டறைக்கு நான் வேண்டுவதும் அதைத்தான்.

17 நவம்பர்

தேவகோட்டை ஆசிரியர் மறுபடி எழுதியிருக்கிறார். "உள்ளூரில் உதாரணமே இல்லையா?" என்று கேட்கிறார். இருக்கிறது. சா. கணேசன் 1939-இல் தொடங்கிய காரைக்குடிக் கம்பன் கழகத்தின் விழாவில் பேசுகிறவர்கள் அழைக்கப்பட்டவர்கள். கேட்பதற்கு யாரும் போய் உட்காரலாம். இத்தனை ஆண்டுகளாக இந்த ஊருக்கு அந்த ஏற்பாடு பழகியிருக்கிறது. ஆனால் அது கேட்கும் அரங்கு. பட்டறையில் கேட்பதற்கு மட்டும் வருகிறவருக்கு நாங்கள் தரக்கூடியது குறைவு. அதனால் முன்மாதிரியாகக் கொள்ளக்கூடியது பாதிதான்.

21 நவம்பர்

நேற்றிரவு ஒரு வாசகர் அனுப்பிய வரிகளைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். அவர் அனுமதியோடு இங்கே தருகிறேன்: "எங்கள் ஊர் கண்டனூருக்குப் பக்கம். என் பூட்டனார் நிலத்தை அடகு வைத்துக் கடன் வாங்கியவர். நிலம் திரும்பி வரவில்லை. நீங்கள் ஸ்கேன் செய்யப்போகும் ஏட்டில் அவர் பெயரும் இருக்கலாம். வீட்டுப் பங்காளிகள் எல்லோரிடமும் சம்மதம் வாங்கினோம் என்கிறீர்கள். எங்களிடம் யார் கேட்டார்கள்? எங்களை யார் அழைப்பார்கள்?"

இந்தக் கேள்வி இதுவரை நான் எழுதிய அனைத்தையும் வேறோர் இடத்துக்கு நகர்த்திவிட்டது. ஏடு யாருடைய பெட்டியில் இருந்ததோ அவர்களுடையது என்று வைத்துத்தான் நாங்கள் பேசிவந்தோம். சட்டப்படி அது சரியாகவே இருக்கும். ஆனால் ஒரு பேரேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு பேர் இருக்கிறார்கள்: கொடுத்தவர், வாங்கியவர். கொடுத்தவரின் வழியினர் சொன்னால் கதவு திறக்கும், மூடும். வாங்கியவரின் வழியினர் தெருவில் நிற்கிறார்கள். இந்த வட்டாரத்தில் யார் திண்ணைவரை வரலாம், யார் முகப்பைத் தாண்டலாம், யார் வாசலுக்கு வெளியிலேயே நின்று பேச வேண்டும் என்று சாதியை வைத்து அளந்த காலம் பலருக்கும் நேரடி நினைவு. அப்படியொரு மண்ணில் "அழைப்பின் பேரில் மட்டும்" என்ற மூன்று சொற்கள், ஐரோப்பிய மாளிகையில் ஒலிப்பதைப் போல ஒலிக்கமாட்டா.

பட்டியலைப் போடும் ஐவரும் இதைப் படிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். பதில் வரும்வரை பட்டியலை நிறுத்திவைத்திருக்கிறோம்.

22 நவம்பர்

கூடுதலாக ஒன்று. அந்த வாசகரை "சிறப்பு அழைப்பாளர்" என்று வரவழைத்து ஒரு நாற்காலி போட்டுவிடலாம் என்று எங்கள் குழுவில் ஒருவர் நல்லெண்ணத்தோடு சொன்னார். நான் மறுத்தேன். கேள்வி கேட்டவருக்கு மட்டும் இடம் கொடுத்தால், கேள்வி கேட்காத நூறு பேர் வெளியிலேயே இருப்பார்கள். இதற்கு விதி வேண்டும். ஒருவருக்குச் செய்யும் தயவு போதாது.

29 நவம்பர்

ஒரு வாரம் பலரோடு பேசினேன். எது மூடப்பட வேண்டும் என்பதை நுணுகிப் பார்க்கப் பார்க்க அது சுருங்கிக்கொண்டே வருகிறது. அதை விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் இந்த விவாதத்தில் பெரும்பகுதி "பட்டறை" என்பது பிரிக்க முடியாத ஒரே பொருள் என்ற நினைப்பில் நடந்துகொண்டிருக்கிறது.

நம் வேலையில் நான்கு கட்டங்கள் இருக்கின்றன. ஏட்டைக் கையில் எடுத்துப் பக்கம் பக்கமாகப் படமெடுப்பது முதலாவது. அடுத்தது, படத்தைப் பார்த்து எழுத்தைத் தட்டச்சு செய்து, படத்திலுள்ள எழுத்தை அடையாளம் காணும் மென்பொருளான எழுத்துணரிக்குப் பயிற்சி தருவதற்கான வரிகளை உருவாக்குவது. பிறகு, அந்த வரிகளை வைத்து டெசராக்ட் போன்ற எழுத்துணரி மென்பொருளைப் பழக்குவது. எதை வெளியிடலாம், எதை நிறுத்திவைக்கலாம் என்று முடிவெடுப்பது நான்காவது.

இவற்றுள் முதலாவதற்கு மட்டும்தான் உதிரும் தாள் கையில் இருக்கிறது. அங்கே ஆட்களைக் குறைத்தே ஆக வேண்டும். அதற்கு வீட்டாரின் சம்மதமும் வேண்டும். மூன்றாவதை மூடுவதற்கு ஒரு காரணமும் இல்லை. மடிக்கணினி வைத்திருப்பவர் யாரும் வரலாம்.

இரண்டாவதுதான் சிக்கல். பெயரும் தொகையும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. ஆனால் எழுத்துணரிக்கு முழுப் பக்கம் தேவையில்லை. அது வரி வரியாகத்தான் கற்கிறது. பக்கத்தை வரிகளாக வெட்டி, பெயருள்ள பகுதியையும் தொகையுள்ள பகுதியையும் தனித்தனியே பிரித்து, பல ஏடுகளின் துண்டுகளையும் ஒன்றாகக் கலந்துவிட்டால், "இன்னார் இவ்வளவு பாக்கி" என்ற செய்தி அந்தத் தொகுப்பில் இருக்காது. விலாசம் உள்ள துண்டுகளை ஒதுக்கிவிட வேண்டும். மீதமுள்ள துண்டுகளைப் படிக்கும் வேலையை, பொது உரிமத்தில் வெளியிட்டு, உலகில் எங்கிருப்பவருக்கும் திறந்துவிடலாம். பட்டறை முழுவதையும் மூடுவதற்குக் காரணமாக இருந்தது இந்தத் துண்டாக்கும் வேலையைச் செய்யாமல் இருந்ததுதான். அதைச் செய்வதற்கான சிறு நிரலைக் காரைக்குடி மாணவி ஒருவர் எழுதிக்கொண்டிருக்கிறார்.

நான்காவது கட்டமான முடிவெடுத்தலில்தான் 21-ஆம் தேதி வாசகரின் கேள்வி வந்து நிற்கிறது. அந்த மேசையில் வீட்டாருக்கு இடம் இருப்பதைப் போலவே, கடன் வாங்கியவர்களின் ஊர்களிலிருந்து வருகிறவர்களுக்கும் இடம் இருக்க வேண்டும். அந்த இடத்தை வீட்டாரோ நாங்களோ நிரப்பக் கூடாது. அந்தந்த ஊர்க்காரர்களே ஆளைச் சொல்லி அனுப்பட்டும். தம் குடும்பத்துப் பெயர் இருக்கும் என்று கருதுகிற எவரும் கேட்டால், அந்தப் பக்கத்தைப் பார்க்கவும் அது வெளியாவதைத் தடுக்கவும் அவருக்கு உரிமை உண்டு என்று எழுதிவைக்க வேண்டும். இதற்கு வீட்டாரில் சிலர் இசைவார்களா என்பது பேசித்தான் தெரியும். பிள்ளையார் நோன்புக்கு ஊருக்கு வருகிறவர்களிடம் நேரில் பேசவிருக்கிறேன். இதைத் தொலைபேசியில் பேச முடியாது.

2 டிசம்பர்

பழைய எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்களை மட்டும் அழைத்தால் போதாதா, மாணவர்கள் எதற்கு என்று ஒருவர் கேட்டிருக்கிறார். படிக்கத் தெரிந்தவருக்குத் தட்டச்சு தெரியாது. தட்டச்சு தெரிந்தவருக்கு அ என்பது எழுத்தா எட்டு என்ற எண்ணா, வ என்பது எழுத்தா கால் என்ற பின்னமா என்று தெரியாது. மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல் எழுதிய பக்கங்களும், 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முற்பட்ட ணை, லை வடிவங்களும் சேரும்போது மென்பொருள் திணறுகிறது, மாணவரும் திணறுகிறார். இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைக்காமல் ஒரு வரிகூட நகராது.

6 டிசம்பர்

அழைப்பைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். இதுவரை அழைப்பு என்பதை ஆட்களை விலக்கும் கருவியாகவே பார்த்து எழுதினோம். செட்டிநாட்டில் அது ஆட்களைக் கொண்டுவரும் ஒரே கருவியும்கூட.

இங்கே பெரியவர்கள் எவரும் சுவரொட்டியைப் பார்த்து ஒரு வீட்டு நிகழ்ச்சிக்கு வருவதில்லை. நேரில் வந்து, உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, "நீங்கள் அவசியம் வர வேண்டும்" என்று சொன்னால்தான் அழைப்பு. பொதுவான அறிவிப்பைப் பார்க்கும்போது அவர்கள் நினைப்பது "நம்மைக் கூப்பிடவில்லை" என்பதே. ஆகவே "அனைவரும் வருக" என்ற அறிவிப்பு, வாட்ஸ்அப் குழுக்களிலும், மென்பொருள் நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்திலும் பழகிய இளைஞர்களுக்குத் திறந்த கதவு. எண்பது வயதுக் கணக்கருக்குச் சாத்திய கதவு. புதிய பைசா 1957-இல் வந்தது. அதற்கு முன்பு அணா, பைசாவிலும் வீசத்திலும் கணக்கெழுதிப் பழகியவர்கள் இன்று எண்பதைத் தாண்டியவர்கள். கிராமக் கணக்கர் பதவி 1980-இல் ஒழிக்கப்பட்டது. அந்த வேலையைப் பார்த்தவர்களும் மிக முதியவர்கள். இவர்களை வீடு தேடிப் போய் அழைக்காமல் திறந்த பட்டறை என்று ஒன்றை நடத்துவதில் பொருளில்லை.

பள்ளத்தூரில் ஓர் ஆச்சியைப் பார்த்துப் பேசினேன். கணவர் கடல் கடந்து இருந்த ஆண்டுகளில் வீட்டுக் கணக்கையும் மொய்க் கணக்கையும் எழுதியவர் அவரே. பட்டறைக்கு வர முடியுமா என்று கேட்டபோது, "என்னை யாரும் கணக்குப் பார்க்கக் கூப்பிட்டதில்லையே அப்பா" என்றார். நான் கொண்டுபோயிருந்த படத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். எங்கள் குழு வெகு நாளாக வாசிக்க முடியாமல் வைத்திருந்த மூன்று வரிகளைத் தடங்கலில்லாமல் படித்தார். தெரிந்தவர் பட்டியலில் அவர் பெயர் வந்திருக்க வழியில்லை. திறந்த அறிவிப்பும் அவரை எட்டியிருக்காது.

7 டிசம்பர்

இடம் குறித்துச் சிலர் எழுதியதற்குச் சுருக்கமான பதில். வாயிலில் அடையாள அட்டை கேட்கும் வளாகத்தில் நடத்தினால், அறிவிப்பில் என்ன எழுதினாலும் அது திறந்த பட்டறையாகாது. ஆறு மணிக்கு முடிப்பதும் அப்படியே. சிற்றூர்ப் பேருந்து போய்விடும், விடுதி மாணவியர் அதற்கு முன்பே கிளம்பிவிடுவார்கள். நான்கு மணிக்கு முடிக்கிறோம். திறந்த பகுதியை, கேட்பாரின்றி நுழையக்கூடிய ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் நடத்துகிறோம். ஏடுகள் வீட்டிலேயே இருக்கும்.

18 டிசம்பர்

விதியை எழுதிவிட்டோம், அனைவரும் படிக்கும்படி வெளியிட்டிருக்கிறோம். முக்கியமானவற்றை மட்டும் இங்கே சொல்கிறேன்.

ஏடுகளைப் படமெடுக்கும் மேசையில் பன்னிரண்டு பேர். அதற்கு யாரும் விண்ணப்பிக்கலாம். கணினிப் படிவம் வழியாகவோ, தபால் அட்டையிலோ, எங்களில் ஒருவரிடம் வாய்மொழியாகவோ. விண்ணப்பிப்பவருக்கு ஒரு பக்கத்தின் படத்தைத் தருவோம். அதிலிருந்து தம்மால் முடிந்த அளவு படித்துத் தர வேண்டும், அல்லது தாளைக் கையாளத் தெரியும் என்று காட்ட வேண்டும். பாதி இடங்கள் இதுவரை எங்களோடு வேலை செய்யாதவர்களுக்கு. இடம் கிடைக்காதவருக்குக் காரணத்தை எழுத்தில் தருவோம். பட்டியலைப் போடும் ஐவரில் இருவர் ஒவ்வொரு முறையும் மாறுவர். துண்டுகளைத் தட்டச்சு செய்யும் கூடத்துக்கும் மென்பொருள் வேலைக்கும் யாரும் வரலாம். வந்தவருக்கு உடனே வேலை தரப்படும். சாத்திய அறையில் நடந்தவற்றின் குறிப்பு மறுநாளே வெளியாகும். பங்குகொள்ளாதவரும் முப்பது நாள்களுக்குள் மறுப்புத் தெரிவிக்கலாம். அதன் பிறகே எதுவும் இறுதி.

முன்பின் தெரியாதவரைச் சேர்த்தால் ஆபத்து, நம்பிக்கை கெடும் என்று ஒருவர் அச்சத்தோடு எழுதியிருக்கிறார். எனக்கும் அந்த அச்சம் முழுவதுமாக நீங்கிவிடவில்லை. ஆனால் தெரிந்தவர்கள் என்பதற்காக மட்டும் நம்பியவர்களும் கைப்பேசியில் படமெடுத்து உறவினர் குழுக்களில் பகிர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆகவே அறிமுகத்தைப் பார்க்காமல் நடத்தையைப் பார்ப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். மேசையில் யாருக்கும் கைப்பேசி இல்லை, வீட்டாருக்கும் இல்லை.

8 ஜனவரி 2025

பங்காளிகளோடு பேசினேன். ஒரே அமர்வில் முடியவில்லை. "எங்கள் வீட்டுக் கணக்கை ஊரார் உட்கார்ந்து முடிவு செய்வதா?" என்று ஒருவர் வருத்தத்தோடு கேட்டார். ஏடு உங்களுடையதாகவே இருக்கும், அதிலுள்ள பெயர்கள் மட்டும் உங்களுடையவை அல்ல என்று சொன்னேன். வீட்டின் மூத்த ஆச்சி அதுவரை பேசாமல் இருந்தவர், "நிலம் போனவர்கள் வீட்டிலும் இதே கணக்கைச் சொல்லித்தானே பிள்ளைகளை வளர்த்திருப்பார்கள்" என்றார். அதன் பிறகு பேச்சு இளகியது. பக்கத்தைப் பார்க்கும் உரிமைக்கு இசைந்துவிட்டார்கள். வெளியிடுவதைத் தடுக்கும் உரிமை இரு தரப்புக்கும் சமமாக இருக்க வேண்டும் என்று கேட்டார்கள். அது நியாயமே, சேர்த்துவிட்டோம்.

21 ஜனவரி 2025

பட்டறை 18, 19 தேதிகளில் நடந்து முடிந்தது. சாத்திய மேசையின் குறிப்புகள் வெளியாகிவிட்டன. ஆகவே இங்கே சிலவற்றை மட்டும்.

கண்டனூர்ப் பக்கத்து வாசகர் தம் ஊரிலிருந்து இருவரோடு வந்தார். முதல் நாள் தட்டச்சுக் கூடத்தில் இருந்தார். மறுநாள் முடிவெடுக்கும் மேசையில் அமர்ந்தார். அவருடைய பூட்டனார் பெயர் இதுவரை படமெடுத்த பக்கங்களில் கிடைக்கவில்லை. தேடுவதற்கான ஏடுகள் இன்னும் பெட்டியில் இருக்கின்றன. பள்ளத்தூர் ஆச்சி தம் பேத்தியோடு வந்தார். அவர் வாசிக்க, தேவகோட்டை ஆசிரியரின் மாணவர்கள் இருவர் தட்டச்சு செய்தார்கள். ஆசிரியரும் விண்ணப்பித்துப் படமெடுக்கும் மேசையில் இடம் பெற்றார்.

எல்லாம் ஒழுங்காக நடந்துவிடவில்லை. திறந்த கூடத்துக்கு வந்த சிலருக்கு முதல் ஒரு மணி நேரம் கணினி கிடைக்கவில்லை. இருவர் திரும்பிப் போனார்கள். ஒரு தொகுதித் துண்டுகளில் விலாசம் நீக்கப்படாமல் இருந்ததை ஒரு மாணவி கண்டுபிடித்தார். அந்தத் தொகுதி முழுவதையும் உடனே நிறுத்திவைத்தோம். யாரும் வரலாம் என்ற கூடத்தில் முன்பின் அறியாத ஒருவர் பார்த்ததால்தான் அது தெரியவந்தது என்பதை, திறப்பதால் ஆபத்து என்று எழுதியவருக்காகக் குறித்துவைக்கிறேன்.

மறுப்புத் தெரிவிப்பதற்கான காலம் பிப்ரவரி 18 வரை. அதற்குள் சங்கராபுரம், கோட்டையூர், ராயவரம் ஆகிய ஊர்களில் குறிப்புகளை வாசித்துக் காட்ட ஒவ்வொரு மாலை ஒதுக்கியிருக்கிறோம். இணையத்தில் படிக்க முடியாதவர்களின் மறுப்பும் வந்து சேர வேண்டும். வேறு ஊர்களில் வாசிக்க இடம் தரக்கூடியவர்கள் எழுதுங்கள்.